வசந்தம் வந்த பிறகும் வீட்டில் மனநிலை தெளியாதது ஏன்? குடும்பம் என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. குளிர்காலம் முழுக்கக் கணவர் சோர்ந்து கிடந்தார். வெயில் வந்தால் சரியாகிவிடுவார் என்று காத்திருந்தீர்கள். பகல் நன்றாக நீண்டு 3 வாரமாகிறது. சோர்வு கொஞ்சம் விலகியிருக்கிறது, ஆனால் தொட்டதற்கெல்லாம் எரிந்துவிழுகிறார், நடு இரவில் எழுந்து நடமாடுகிறார். 15 வயது மகள் தேர்வு நெருங்க நெருங்க அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வசந்த காலத்தில் குடும்பத்தின் மனநலத்தைப் பேண என்ன செய்யலாம் என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று தோன்றுகிறது: எல்லாம் சரியாக வேண்டிய நேரத்தில் ஏன் சரியாகவில்லை, இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். சில வரிகளைப் படித்துவிட்டு உங்கள் கணவருக்கு இன்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. எதைக் கவனிப்பது, எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போவது என்பதைச் சொல்ல முடியும்.

வசந்தம் மனத்துக்கு இதமான காலம் என்பது பாதி உண்மை. குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் பருவகால மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் விவரித்தார்கள். அந்த வகைக்காரர்களில் பெரும்பாலோர் வசந்தத்தில் தேறிவிடுகிறார்கள். ஆனால் தற்கொலைகள் குளிர்காலத்தின் இருட்டில் உச்சம் தொடுவதில்லை, வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான் தொடுகின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். இத்தாலிய மனநல மருத்துவர் மோர்செல்லி 1879இலும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் 1897இலும் புள்ளிவிவரங்களோடு எழுதினார்கள். தென் அரைக்கோளத்தில் அதே உச்சம் அவர்களுடைய வசந்தமான செப்டம்பர் முதல் நவம்பர் வரையான மாதங்களை ஒட்டி வருகிறது. மனச்சோர்வும் மிதமிஞ்சிய எழுச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த மிகையெழுச்சி, அதாவது மேனியா, அதிகம் வருவதும் வசந்தத்திலும் கோடையிலும்தான். இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தவை. அண்மைப் பத்தாண்டுகளில் பல நாடுகளில் இந்தப் பருவ வேறுபாடு சிறுத்துக்கொண்டு வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனியொரு மனிதரை எடுத்துக்கொண்டால் பருவம் ஒரு சின்ன காரணிதான். பழைய நோய் வரலாறு, தூக்கம், குடி, வீட்டுச் சூழல் இவற்றின் எடை அதைவிட மிக அதிகம்.

ஏன் இப்படி என்பதில்தான் சர்ச்சை. எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுகிற விளக்கம், உடலின் தெம்பும் மனத்தின் தெளிவும் ஒரே நாளில் திரும்புவதில்லை என்பது. வெளிச்சம் கூடும்போது உடல் முதலில் விழித்துக்கொள்கிறது. நம்பிக்கை சில வாரம் பின்தங்கி வருகிறது. நடுவில் கிடைக்கிற அந்த இடைவெளியில் ஒருவருக்குக் கை கால் துறுதுறுக்கும், மனசு மட்டும் குளிர்காலத்திலேயே நிற்கும். ஊரே சிரிக்கிறது, எனக்கு மட்டும் விடியவில்லை என்ற ஒப்பீடு ஒருவரைக் கீழே தள்ளுகிறது என்பது இன்னொரு விளக்கம். மகரந்த ஒவ்வாமை உடலில் உண்டாக்கும் அழற்சி மூளையையும் பாதிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். ஆதாரங்கள் சுவாரசியமானவை, இன்னும் போதாதவை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 50 முதல் 55 பாகை அட்சரேகையில் இருப்பவர்களுக்கு மார்ச் மாதத்தில் பகல் நாளொன்றுக்குச் சுமார் 4 நிமிடம் நீள்கிறது, வாரத்துக்குக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். உடலின் உயிர்க்கடிகாரம் இதோடு ஓட வேண்டியிருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்களுக்குப் பகல் நீளம் அவ்வளவாக மாறுவதே இல்லை. அங்கே இதே மாதங்களில் மனநிலை கெட்டால் வெயில், தூக்கக் குறைவு, தேர்வு, ஒவ்வாமை இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே வசந்தத்தில் குடும்பம் செய்ய வேண்டிய முதல் வேலை யாரையும் உற்சாகப்படுத்துவதல்ல, தூக்கத்தைக் கவனிப்பது. ஒரு நோட்டில் 14 நாளுக்கு ஐந்தே விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றிய நேரம், இடையில் விழித்தது, எழுந்த நேரம், அன்றைய மனநிலைக்கு 0 முதல் 10க்குள் ஓர் எண். முடிந்தால் கணவரே எழுதட்டும். நீங்கள் எழுதினால் அவருக்குத் தெரிந்தே எழுதுங்கள்; ஒளித்து எழுதும் நோட்டு என்றைக்காவது கண்ணில் பட்டால் அன்றோடு நம்பிக்கை போயிற்று. கைக்கடிகாரச் செயலி காட்டும் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்ற கணக்கையெல்லாம் நம்ப வேண்டாம். படுத்த நேரமும் எழுந்த நேரமும் போதும்.

தூக்கம் குறைந்திருக்கிறது என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கும், அவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த நோட்டு. படுத்து ஒரு மணி நேரமாகியும் யோசனை ஓடிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் பதற்றத்தின் பக்கம். தூங்கி, விடியலுக்கு 2 மணி நேரம் முன்பே விழித்து, அந்த நேரத்தில் மனம் கனத்து, மாலையில் ஓரளவு லேசானால் அது மனச்சோர்வின் பக்கம். 4 மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், புதுத் திட்டங்கள் போட்டுக்கொண்டு, வேகவேகமாகப் பேசி, பணத்தை யோசிக்காமல் செலவழித்தால் அது மிகையெழுச்சியின் பக்கம். இப்படித் தொடர்ந்து 4 நாள் போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 7 நாள் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்றாவது வகையில் வீட்டார் ஏமாந்துபோவது சகஜம். குளிர்காலமெல்லாம் படுத்தே கிடந்தவர் எழுந்து ஓடுகிறாரே என்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். இவற்றையெல்லாம்விட அதிகம் கவனிக்க வேண்டியது மனச்சோர்வும் மிகையெழுச்சியும் சேர்ந்து வருவது: உடம்பில் ஓயாத துடிப்பு, பேச்சில் எரிச்சல், உள்ளே இருட்டு. கலப்பு நிலை என்று இதற்குப் பெயர். சோர்வு விலகியிருக்கிறது, எரிச்சல் கூடியிருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் நான் நின்றது இங்கேதான். தேறி வரும் வழியில் சாதாரணமாக வரும் எரிச்சலாகவும் அது இருக்கலாம். நோட்டில் ஒரு வாரத்துக்குள் வேறுபாடு தெரியத் தொடங்கும்.

நடு இரவில் விழிப்பதற்கு எளிய காரணங்களும் உண்டு. மாலையில் குடிக்கும் மது சீக்கிரம் தூங்கவைத்து, உடல் அதைச் செரித்து முடிக்கும் பின்னிரவில் எழுப்பிவிடும். காபியில் இருக்கும் காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியம் 3 மணிக்குக் குடித்தது இரவு 8 மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. இவை இரண்டையும் 10 நாள் நிறுத்திப் பார்ப்பதற்குச் செலவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: தினமும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். அப்படிப்பட்டவர் மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை காலையில் கொடுங்கள், இரவில் பிடுங்குங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் 100 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் வெளியே நடந்தால் உயிர்க்கடிகாரம் தன் முள்ளைச் சரிசெய்துகொள்ளும். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. மாலையில் வெளிச்சம் 8 மணி தாண்டியும் நீடிக்கும் இடங்களில் சாப்பாடு, குளியல், படுக்கை எல்லாமே தன்னையறியாமல் தள்ளிப்போகும். காலையில் எழும் நேரம் மட்டும் மாறாது. வசந்தத்தில் குடும்பம் மொத்தமும் தூக்கத்தை இழப்பது இப்படித்தான். இரவுச் சாப்பாட்டு நேரத்தைக் கட்டிப்போடுங்கள், படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே தடித்த திரையை இழுத்துவிடுங்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் இருந்தால் அந்த நாளுக்கு 4 நாள் முன்பிருந்தே தினம் 15 நிமிடம் முன்னதாகப் படுத்து எழுந்து பழகிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் மனச்சோர்வு சிகிச்சைக்கான 10,000 லக்ஸ் ஒளி விளக்கை அவர் பயன்படுத்தினாரா என்று நீங்கள் சொல்லவில்லை. பயன்படுத்தியிருந்தால் அது இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். குளிர்காலத்துக்குச் சரியாக இருந்த அரை மணி நேரம், வெளியில் பகல் நீண்ட பிறகு மிகையாகிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் கொடுக்கும். படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான் வழக்கம். இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் அந்த விளக்கை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது.

அடுத்தது பலர் யோசிக்காத இடம்: மூக்கடைப்பு மருந்துகள். மகரந்தக் காலத்தில் மூக்கு அடைத்தாலே தூக்கம் கெடும். அதற்குப் போடும் மருந்து சில நேரம் மனநிலையையும் கெடுக்கும். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் மறுநாள் காலைவரை மந்தமாக வைக்கும். சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் பரபரப்பைக் கொடுக்கும். முதியவர்களுக்கு நினைவுக் குழப்பம் வரும். சூடோஎஃபெட்ரின் கலந்த மூக்கடைப்பு மாத்திரை படபடப்பையும் விழிப்பையும் தரும். ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் மருந்தின் மனநல பக்கவிளைவுகளுக்கு, தற்கொலை எண்ணம் உட்பட, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் சில நாளிலேயே ஒருவரை எரிச்சல்காரராகவும் தூங்காதவராகவும் ஆக்கக்கூடும். கடந்த 2 மாதத்தில் வீட்டில் யார் யார் என்ன புது மருந்து தொடங்கினார்கள் என்று தேதியோடு எழுதிப் பாருங்கள். மனநிலை மாறிய தேதியோடு அது ஒட்டினால், மருந்து எழுதியவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். தன்னிச்சையாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டை அப்படித் திடீரென்று நிறுத்துவது வேறு ஆபத்து. தற்கொலை எண்ணமோ பெரிய குழப்பமோ தென்பட்டால் மட்டும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

இதன் மறுபக்கம், மருந்தை விட்டுவிடுவது. வெயில் வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று வசந்தத்தில் நிறுத்துபவர்கள் நிறைய. மனச்சோர்வு மருந்து வேலை செய்து தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வதுதான் பொது வழக்கம், இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு கூடும். குளிர்காலத்துக்கு மட்டும் என்று எழுதப்பட்ட மருந்தைக்கூடப் படிப்படியாகத்தான் இறக்குவார்கள். திடீரென்று நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓர் உணர்வு, கெட்ட கனவுகள், எரிச்சல் வரும். பராக்ஸெடின், வென்லஃபாக்ஸின் இரண்டிலும் இது அதிகம். நீங்கள் சொல்லும் எரிச்சலும் நடு இரவு விழிப்பும் இந்தப் பட்டியலிலும் அப்படியே பொருந்துகின்றன. எனவே மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பதைவிட நேராகக் கேளுங்கள்: "மாத்திரையை விட்டுட்டீங்களா? விட்டிருந்தா கோபப்பட மாட்டேன், டாக்டரிடம் சொல்லிச் சரியா இறக்கிக்கலாம்." இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவர் வீட்டில் இருந்தால், வெயில் ஏறும்போது வியர்வையில் நீர் குறைந்தாலும் ஐபுப்ரோஃபென் வகை வலிமாத்திரை போட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு உயரும். கை நடுக்கம் கூடினாலோ வாந்தி, பேதி வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள்.

பேசும் விதத்துக்கும் எடை உண்டு. 1989இல் ஹூலி, டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம், உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு எண்ணால் பதில் வாங்கினார்கள். அந்த எண் உயர உயர, அடுத்த மாதங்களில் நோய் திரும்புவதும் கூடியது. குறை சொல்வதால்தான் நோய் வருகிறது என்று இதை வாசிக்க வேண்டாம்; நோயாளியோடு வாழ்பவருக்கும் பொறுமை தீர்ந்துதான் போகும், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ஆனால் வசந்தத்துக்கென்றே ஒரு குறை சொல்லும் பாணி இருக்கிறது: "வெளியே எவ்வளவு அழகா இருக்கு, இப்பவும் இப்படி உட்கார்ந்திருக்கீங்களே." அன்பில் சொல்வதுதான், விழுவது குற்றச்சாட்டாக. அதற்குப் பதிலாகச் சின்னதாக, நேரம் குறித்து, கூடவே வருவதாகச் சொல்லிக் கேளுங்கள்: "ஏழு மணிக்கு நான் நடக்கப் போறேன், பத்தே நிமிஷம், கூட வாங்க." வராவிட்டால் விவாதிக்காமல் நீங்கள் போய்வாருங்கள், மறுநாள் அதே நேரத்துக்கு அதே கேள்வி. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. செய்யத் தொடங்கிய பிறகுதான் மனசு பின்னால் வரும். கலப்பு நிலை, மிகையெழுச்சி பக்கம் சாய்பவரிடம் இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும்: புது வேலை, பயணம், இரவு விருந்து எல்லாவற்றையும் குறைத்து வீட்டை மந்தமாக வைப்பதுதான் அங்கே சிகிச்சை.

மகளுக்கு வருகிறேன். பதின்வயதில் தூக்கம் வரும் நேரமே இயற்கையாகத் தள்ளிப்போகும், சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்காதீர்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. தேர்வுக்காக அதில் 2 மணி நேரத்தை வெட்டினால் படித்தது நிலைக்காது, கண்ணீரும் கோபமும்தான் மிஞ்சும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், 4 மணி நேரம் வேண்டாம். திங்கட்கிழமை அதன் விலையை வசூலிக்கும். கதவைச் சாத்துவது அந்த வயதுக்குச் சாதாரணம்தான். தோழிகளையும் விட்டுவிட்டாள், பிடித்ததையும் விட்டுவிட்டாள், சாப்பாடு மாறிவிட்டது, 2 வாரமாகிறது என்றால் சாதாரணமில்லை. எதிரெதிரே உட்கார்ந்து விசாரிக்காமல் வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ கேளுங்கள். அப்பாவின் எரிச்சல் தன்னால்தான் என்று பிள்ளைகள் எளிதில் நினைத்துக்கொள்வார்கள். "அப்பாவுக்குத் தூக்கம் கெட்டுப் போயிருக்கு, அதுக்கு வைத்தியம் பாக்குறோம், நீ காரணம் இல்ல" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வது அவளுக்கு எத்தனையோ அறிவுரைகளைவிடப் பெரியது.

கேட்கத் தயங்கும் கேள்வியும் ஒன்று இருக்கிறது. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. கேட்பது எண்ணத்தைத் தூண்டுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" ஆம் என்றால் அதிர்ச்சி காட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று அடுத்து கேளுங்கள். திட்டம் இருந்தால் தனியே விடாமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். திட்டம் இல்லை, எண்ணம் மட்டும்தான் என்றாலும் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எந்த வீட்டிலும், யாரும் இந்த நிலையில் இல்லாவிட்டாலும், மிச்சமான மாத்திரைகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்து, தேவையானதை ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே வைத்து, மீதியையும் பூச்சிமருந்து போன்றவற்றையும் பூட்டி வையுங்கள். இந்த எண்ணத்தின் உச்சம் பல நேரங்களில் நிமிடக் கணக்கில் கடந்துபோகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது.

அந்த அளவுக்கு அவசரமில்லாதபோது, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற 9 கேள்வித் தாளை அவரே நிரப்பட்டும். கடந்த 2 வாரத்தைப் பற்றிய கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய அளவு. 9ஆவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் பேச வேண்டும். இந்தத் தாள் மிகையெழுச்சியை அளக்காது. எண் குறைவாக இருக்கிறதே என்று, 4 மணி நேரம் தூங்கிவிட்டுத் துள்ளும் ஒருவரை விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது தூக்க நோட்டு, மருந்துத் தேதிகள், குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு இருந்ததா என்ற தகவல், போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இதே மாதங்களில் எப்படி இருந்தார் என்ற நினைவு, நான்கையும் கொண்டுபோங்கள். பருவம் சார்ந்தது என்று முடிவுகட்ட 2 ஆண்டுப் போக்கைப் பார்ப்பார்கள். இருமுனைச் சாயல் இருப்பவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மிகையெழுச்சியைக் கிளப்பிவிடும் என்பதால்தான் அந்தக் குடும்ப வரலாற்றை இவ்வளவு வற்புறுத்துகிறேன். 25 வயதுக்கு உட்பட்டவருக்கு அந்த வகை மருந்து தொடங்கினால் முதல் சில வாரங்கள் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. குளிர்காலம் முழுக்க இருவரையும் தாங்கியது நீங்கள்தானே? அந்தத் தூக்க நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டு உங்கள் தூக்கத்தையும் எழுதுங்கள். 6 மணி நேரத்துக்குக் கீழே தொடர்ந்து போனால், இரவில் அவர் எழும்போதெல்லாம் நீங்களும் எழுவதை வேறு யாராவது வாரத்துக்கு 2 இரவாவது ஏற்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். இப்போதைக்கு இந்த வாரத்துக்குள் நடக்க வேண்டியவை மூன்று: அவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பது, நோட்டைத் தொடங்குவது, மருத்துவரிடம் நேரம் வாங்கி வைப்பது. நேரம் கிடைக்க 2 வாரமாகலாம், அதற்குள் தேறிவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். நோட்டில் 4 நாள் ஓடிய பிறகு அவர் எந்த மாதிரி விழிக்கிறார், களைப்பு தெரிகிறதா இல்லையா என்று இங்கே எழுதுங்கள். அவசரமா, காத்திருக்கலாமா என்பதை அதை வைத்து இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.